இரும்பை விட்டுவிடும் மெஷின்

என்னிடம் இருக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் கத்தும். ஆணிக்குக் கத்தும். தகரத்துக்குக் கத்தும். சோடா மூடிக்குக் கத்தும். தங்கத்துக்கும் கத்தும் என்று விற்றவர் சொன்னார். தங்கத்துக்குக் கத்தி நான் கேட்டதில்லை.

ஒரு நீளக் குழாய். அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். மேலே கைப்பிடி, சின்னப் பெட்டி, உள்ளே மூன்று பற்றரி. மண்ணுக்கு மேலே வட்டத்தை ஆட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே உலோகம் இருந்தால் சத்தம் வரும். ஒரு சாண் ஆழம் வரைக்கும்தான். அதற்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடற்கரையில் சில்லறை தேடி விளையாடுவதற்குச் செய்தது. நான் அதை வைத்துக்கொண்டு சரிந்த மலையில் என் வீட்டுக்காரியைத் தேடுகிறேன். இரண்டு வருசம் ஆகிறது.

தோட்டம் ஹட்டனுக்கும் வட்டவளைக்கும் நடுவில். பெயர் சொல்லவில்லை. நான் கான் வெட்டுகிறவன். மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓடுவதற்குத் தேயிலைக்கு நடுவே வெட்டும் வடிகால்தான் கான். முப்பது வருசம் வெட்டினேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மலையில் கடைசிக் காலத்தில் கான் வெட்ட ஆள் போடவில்லை. அதை இப்போது பேசி ஒன்றும் ஆகாது.

அன்று மழை. மற்றவர்கள் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். அவளுக்குக் கால் வீக்கம். வீட்டில் நின்றுவிட்டாள். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். லொறியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். லயம் இருந்த இடத்தில் மண் இருந்தது. குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த பன்னிரண்டு காம்பராவும் இல்லை.

உள்ளே இருந்தது ஐந்து பேர். நான்கு பேரை எடுத்தார்கள். ஆமிக்காரர்கள் மண் அள்ளும் பெக்கோ போட்டுப் பதினொரு நாள் தோண்டினார்கள். பன்னிரண்டாம் நாள் பெக்கோவைக் கழுவினார்கள். கழுவுகிறதைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது.

மரணச் சர்டிபிகேட் கொடுத்தார்கள். இருந்தவர்களை எல்லாம் பழைய ஸ்டோரில் தட்டி அடித்துக் குடியிருக்க விட்டார்கள். முன்பு தேயிலை அரைத்த கட்டடம் அது. இன்னும் அங்கேதான் இருக்கிறோம். பதினாறாம் நாள் மகளும் மச்சினனும் போட்டோ வைத்துக் காரியம் செய்தார்கள். பூசாரி என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

தோட்டத்து மயானத்தில் என் அப்பாவும் அம்மாவும் கிடக்கிறார்கள். எங்கள் மூத்த பிள்ளை பிறந்து ஆறு நாளில் போனது. அதுவும் அங்கேதான். அதற்குப் பக்கத்தில் ஓர் இடத்தை அவள் எனக்குக் காட்டி வைத்திருந்தாள். அங்கே வைக்க அவளுடையது ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு பல் போதும். அவ்வளவுதான் நான் தேடுவது.

எலும்புக்கு மெஷின் கத்தாது. எனக்கும் தெரியும். ஆனால் அவள் கழுத்தில் தாலி இருந்தது. மஞ்சள் கயிற்றில் பொன் தாலி, இரண்டு பக்கமும் இரண்டு குண்டு. தாலி எங்கே கத்துகிறதோ அங்கே அவள் இருப்பாள். அந்த நினைப்பில்தான் மெஷின் வாங்கினேன்.

ஹட்டனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர் விற்றார். வாங்கும்போதே சொன்னார்.

"இது சின்னப் புள்ளைங்க சாமான் அண்ணே. பழகுறதுக்குத்தான் இது. பெரிசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க."

"பழகத்தான் வேணும்" என்றேன்.

தேடுவதற்கு எனக்கு ஒரு வழிதான் தெரியும். கொழுந்து எடுக்கப் போனால் ஆளுக்கு ஒரு வரிசை பிரித்துக் கொடுப்பார்கள். அதை நிரை என்போம். நான் சரிந்த மண்ணைக் குச்சி நட்டு நிரை பிரித்தேன். இருபத்தியிரண்டு நிரை வந்தது. கீழே ஆற்றோரத்தில் தொடங்கி மேலே ஏறுவேன். மெஷினை ஆட்டுவேன். கத்தினால் தோண்டுவேன். கத்தாவிட்டால் மம்பட்டியால் ஒரு சாண் மண்ணை இழுத்துவிட்டு மறுபடி ஆட்டுவேன். அப்படி மூன்று தரம். பிறகு மூடிவிட்டு அடுத்த அடி. வேலை இல்லாத நாளில் காலையில் இருந்து. வேலை நாளில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, கான் வெட்டு முடிந்து, இரண்டு மணிக்குப் பிறகு.

முடித்த நிரைக்குத் திரும்பிப் போவதில்லை. அது எங்கள் வேலைப் பழக்கம். திரும்பிப் போனால் கங்காணி ஏசுவார். "முடிச்சதையே தடவிக்கிட்டு நிக்கிற, முன்னுக்குப் போ" என்பார். சின்ன வயதில் இருந்து கேட்டது. ஆள் இல்லாத இடத்திலும் கேட்கும்.

கிடைத்ததைச் சொல்கிறேன். கூரை ஆணி. தகரத் துண்டு. கதவுக் கொண்டி. கரண்டி. கவ்வாத்துக் கத்தி ஒன்று. குடைக் கம்பி. யாரோ ஒருவருடைய பெல்ட் வளையம். ஊக்கு. இரண்டு ரூபாய்க் குத்திக் காசு. பால்மாப் பெட்டி மூடி. தங்கம் இல்லை.

இரும்பை எல்லாம் உரச்சாக்கில் போட்டு வைப்பேன். மாதம் ஒரு தரம் பழைய இரும்பு வாங்குகிறவர் திரீவீலில் வருவார். காசு வேண்டாம், பற்றரி கொடுங்க என்பேன். கொடுப்பார். அப்படித்தான் மெஷின் ஓடியது.

மச்சினன், அவளுடைய தம்பி, ஸ்டோரில் எனக்கு அடுத்த தட்டிதான். வாய் சும்மா இருக்காது. நான் மெஷினோடு வந்தால் வாசலில் நின்று கேட்பான்.

"என்னாங்க மச்சான், இன்னைக்கி ரேடியோவுல என்னா பாட்டு?"

"ஆணி."

"நேத்தும் அதே பாட்டுதான போட்டான். ஸ்டேசன மாத்துங்க."

அதோடு அவன் விடமாட்டான்.

"அக்கா இருந்தப்ப ஒரு நா தேடியிருக்கீங்களா? பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனவ வர்றதுக்கு நேரமாச்சின்னா நான்தான் போய்ப் பாக்கணும். நீங்க சோத்துப் பானையத்தான் எட்டிப் பாப்பீங்க."

அது உண்மை.

ஒரு தரம் பொலிஸ் வந்தது. மலையில் ஒருவன் மெஷின் வைத்துப் புதையல் தோண்டுகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மெஷினைக் கண்டால் பொலிஸுக்கு வேறு யோசனை வராது. வந்தவர் மெஷினை வாங்கிக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்.

"நிதன் ஹாரனவாத?" புதையலா தோண்டுகிறாய்?

"நே மாத்தயா. மகே கெதர" என்றேன். இல்லை ஐயா, என் வீடு.

"கோ கெதர?" எங்கே வீடு?

நான் மண்ணைக் காட்டினேன். அவர் மண்ணைப் பார்த்தார். கீழே ஆறு வரைக்கும் பார்த்தார். பிறகு மெஷினை என் கையில் கொடுத்தார். கிராம சேவகரிடம் கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

பெரிய மெஷின் யோசனை இந்த வருசம்தான் வந்தது. தோட்டத்தில் இருந்து ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சரிந்த இடத்தில் டர்பன்டைன் என்கிற பைன் மரக் கன்று நடப் போகிறார்கள். மண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டுமாம். நட்ட பிறகு அங்கே யாரும் தோண்டக் கூடாது. நான் அப்போது பதினான்காம் நிரையில் நின்றேன். இன்னும் எட்டு நிரை. மேலே போகப் போக மண்ணில் கூரைத் தகரம் அதிகம். தகரம் கிடக்கிற இடத்தில் என் மெஷின் வாயை மூடாது. அப்படி ஓர் இடத்தில் நான்கு நாள் தோண்டி ஒரு முழுத் தகரத்தை எடுத்தேன். அதற்குக் கீழே இன்னொரு தகரம்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை சரிவுக்குப் பக்கத்தால் போகிறது. யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். தினம் என்னைப் பார்த்துக்கொண்டு போகிறவர். அன்று நின்றார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் தேடுறது எலும்பெல்லே. எலும்புக்கு இது சத்தம் போடாது."

"தெரியும் டீச்சர்."

"அப்ப அவவிட்ட என்ன இருந்தது? காதில, கழுத்தில, காலில? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. யோசித்துச் சொன்னேன். காதில் வேப்பங்குச்சி. தோடு போட்டால் புண் வரும் என்று கழற்றிவிட்டாள். மூக்குத்தி இல்லை. காலில் மெட்டி இருந்தது, வீக்கம் வந்தபோது ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். வளையல் பிளாஸ்டிக். கழுத்தில் தாலி. பொன்.

"அப்ப தாலி மட்டும்தான்" என்றார். போனை எடுத்து அங்கேயே நின்று வாசித்தார். "உங்களிட்ட இருக்கிறது ஆகத் தொடக்கத்தில வாங்குறது. இதைவிடப் பெரிசு இருக்கு. அது இரும்பை விட்டிட்டுத் தங்கம், வெள்ளி, செம்புக்கு மட்டும் சத்தம் போடுமாம். ஆணி, தகரத்துக்குப் பேசாமல் இருக்கும்."

"ஆழம்?"

"கொஞ்சம் கூட. கனக்க இல்லை. ஆனா ஆணி ஆணியாத் தோண்டிக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போனேன். கடைக்காரரிடம் அந்த மாதிரி ஒன்று இருந்தது. யாரோ வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து விற்றது. கறுப்பு நிறம், பாரம் கூட, காதில் மாட்டிக் கேட்க ஒன்று இருந்தது. அவர் மேசையில் ஒரு பிடி ஆணியைக் கொட்டினார். அதற்கு மேலே மெஷினை ஆட்டினார். சத்தமே இல்லை. பிறகு தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி ஆணிகளுக்கு நடுவே போட்டார். ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு சத்தம். மறுபடி ஆட்டினார். அதே இடத்தில் அதே சத்தம்.

"பாத்தீங்களா அண்ணே? குப்பையெல்லாம் விட்டுரும். வேண்டியது மட்டும் சொல்லும்."

நான் அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தேன். எனக்கும் அதே சத்தம் வந்தது. இரண்டு வருசத்தில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது அந்த நேரம்தான். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சின்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மீதிக்கு என்னிடம் இருந்தது மாடு ஒன்றுதான்.

மாடு அவளுடையது. கன்றாக இருக்கும்போது கொண்டுவந்து வளர்த்தாள். மாட்டுப் பட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அது தப்பியது. அன்று அதற்குப் புல் அறுக்கப் போனதால் நானும் தப்பினேன். பூண்டுலோயாப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து பார்த்தார். பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வந்து கொண்டுபோவதாகச் சொன்னார்.

மச்சினன் பார்த்துக்கொண்டே நின்றான். ஆள் போன பிறகு வந்தான்.

"என்னாங்க மச்சான், அக்காவ வித்து அக்காவத் தேடப் போறீங்களா?"

"மாட்டத்தான விக்கிறேன்."

"அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒங்களுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துறதுக்கு முன்னுக்கு அதுக்குத் தண்ணி காட்டுவா."

"மரக் கன்னு நட வந்துட்டா பெறகு தேட முடியாது மாப்புள."

"தேடி?"

அவன் கயிற்றை அவிழ்த்து மாட்டை வேறு இடத்தில் கட்டினான். நான் கட்டியிருந்த இடத்தில் புல் இருந்தது. சும்மா செய்தான்.

அவன்தான் மகளுக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். மகள் கட்டிக்கொடுத்து கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கிறாள். தையல் வேலை. லீவு கிடைக்காது. வியாழக்கிழமை பத்து மணி போல ஸ்டோருக்குள் வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாட்ட வித்துராதீங்கப்பா."

"உக்காரு. தேத்தண்ணி குடி."

"வித்துராதீங்கன்னு சொல்லுங்க மொதல்ல."

அவளுக்கு மெஷினைப் பற்றிச் சொன்னேன். ஆணிக்குப் பேசாமல் இருக்கும் என்றேன். கடைக்காரர் மோதிரம் போட்டுக் காட்டியதைச் சொன்னேன். நான் இவ்வளவு பேசி அவள் கேட்டிருக்கமாட்டாள். கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். எனக்கு முன்னால் வைத்தாள். தனக்கு ஊற்றவில்லை.

"எதைத் தேடுறதுக்குப்பா அந்த மெஷினு?"

"ஒங்கம்மா தாலிய. வேற எதை?"

அவள் சட்டைக்கு உள்ளே கையை விட்டுத் தன்னுடைய தாலியை வெளியே எடுத்தாள்.

"இதாம்ப்பா அது."

எனக்கு விளங்கவில்லை.

"அம்மா தாலிய அழிச்சிதான் எனக்குச் செஞ்சாங்க. ஹட்டன் பத்தர் கடையில. கல்யாணத்துக்கு ரெண்டு கெழமைக்கு முன்னுக்கு. ஒங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு எந்தலையில கைய வச்சிச் சத்தியம் வாங்கிட்டாங்க."

மகள் கல்யாணத்துக்குப் பொன் நான் வாங்குவதாகச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொன்னேன். என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காரி ஒரு நாள் சீட்டு விழுந்தது, பொன் எடுத்துவிட்டேன் என்றாள். எந்தச் சீட்டு, யாரிடம் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் சொன்ன சொல்லும் பேச்சுக்கு வரும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப அவ கழுத்துல என்னா கெடந்திச்சி?"

"மஞ்சத் துண்டு. கயித்துல கட்டிக்கிட்டாங்க."

பொன் இல்லாதபோது விரலி மஞ்சளைக் கயிற்றில் கட்டிக்கொள்வது எங்கள் பெண்கள் வழக்கம்தான். யாரும் குறையாக நினைப்பதில்லை. மகள் கல்யாணம் முடிந்து ஒரு வருசத்துக்கு மேல் என் வீட்டுக்காரி அதோடு இருந்திருக்கிறாள். ஒரே காம்பராவில். பத்தடிக்குப் பத்தடி. காலையில் அந்தக் கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றுவாள். தினம் பார்த்தேன். பொன்னா மஞ்சளா என்று பார்க்கவில்லை.

"ரெண்டு வருசமா நான் அங்க தோண்டிக்கிட்டு நிக்கிறேன்."

"நீங்களா விட்டுருவீங்கன்னு நெனச்சேம்ப்பா. சத்தியம் வேற. இதச் சொன்னா ஒங்களுக்கு..." தாலியை உள்ளே போட்டாள். "மஞ்சளுக்கு எந்த மெஷினும் கத்தாதுல்ல."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

கிளாசை வைத்துவிட்டுக் கேட்டேன். "கயித்துல வேற என்னா இருந்திச்சி?"

"வேற என்னா. ஊக்குதான். எப்பவும்போல நாலஞ்சி கோத்து வச்சிருப்பாங்க."

ஊக்கு.

எங்கள் பெண்கள் எல்லாருமே தாலிக் கயிற்றில் ஊக்குக் கோத்து வைத்திருப்பார்கள். கொழுந்து எடுக்கும்போது படங்குச் சாக்கு இடுப்பில் கட்ட, சட்டை கிழிந்தால் குத்த, கையில் முள் ஏறினால் எடுக்க. அது இருக்கிறது என்று யாரும் நினைப்பதே இல்லை. டீச்சர் கேட்டபோது நான் காதைச் சொன்னேன், காலைச் சொன்னேன். ஊக்கைச் சொல்லவில்லை. பதினான்கு நிரையிலும் எனக்கு ஊக்குக் கிடைத்தது. எத்தனை என்று தெரியாது. ஊக்கு என்று கண்டதும் சாக்கில் எறிந்தேன். குழியை மூடினேன். அடுத்த அடிக்குப் போனேன். சாக்கைக் கொடுத்துப் பற்றரி வாங்கினேன்.

ஒரு நாள் ஊக்குகள் ஒன்றோடு ஒன்று கோத்தபடி, துருவில் ஒட்டிக் கிடைத்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. அதையும் சாக்கில்தான் போட்டேன். நான்காம் நிரையா, ஆறாம் நிரையா. கீழே பெரிய கல் கிடக்கிற இடமா, அதற்கு மேலேயா. மூன்று ஊக்கா, நான்கா. மகள் சொன்னதில் இருந்து யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க முன்பு தெரிந்ததும் தெரியாமல் போகிறது. இப்போது அப்படி ஒன்று கிடைத்ததா என்றே சில நேரம் சந்தேகமாக இருக்கிறது.

பழைய இரும்புக்காரருக்குப் போன் எடுத்தேன். "அதெல்லாம் உருக்குறதுக்குப் போயி எவ்வளவு நாளாச்சு" என்றார். ஏன் என்று கேட்டார். சும்மா என்றேன்.

வெள்ளிக்கிழமை பூண்டுலோயா ஆள் வந்தார். மாட்டை விற்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். மகள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மத்தியான பஸ்ஸில் போனாள். போகும்போது காலில் விழப் பார்த்தாள். வேண்டாம் என்றேன்.

டீச்சரிடம் மறுபடி கேட்டேன். ஊக்கு என்றால் பெரிய மெஷின் உதவுமா என்று. அவர் போனைப் பார்த்தார், பிறகு உள்ளே வைத்தார்.

"அதை இரும்புக்கும் சத்தம் போட வைக்கலாம் ஐயா. ஆனா அப்ப அதுவும் உங்கட மாதிரித்தான். எல்லா ஆணிக்கும் கத்தும். ஊக்கு சின்னச் சாமான். எந்த மெஷினுக்கும் அது கனக்க ஆழத்தில தெரியாது."

"அப்ப இதே போதும்."

"போதும் எண்டு சொல்ல ஏலாது. வேற இல்லை எண்டு சொல்லலாம்."

அவர் அப்படித்தான் பேசுவார். எனக்கு அது பிடிக்கும்.

கடைக்காரருக்கும் சொல்லிவிட்டேன். அந்தக் கறுப்பு மெஷினைப் பிறகு யாரோ வாங்கிப் போனார்களாம்.

நான் முதலாம் நிரையில் இருந்து மறுபடி தொடங்கினேன். திரும்பிப் போகக் கூடாத நிரைக்குத் திரும்பிப் போனேன். இப்போது ஊக்குக் கிடைத்தால் அந்த இடத்தில் ஒரு குச்சி நடுகிறேன். சுற்றி இரண்டு முழம் தோண்டுகிறேன். மண்ணைக் கையால் பிசைந்து பார்க்கிறேன். இதுவரை வேறு ஒன்றும் வரவில்லை. முன்பு தோண்டி மூடிய மண் மழையில் இறங்கியிருக்கிறது. அங்கே இருந்தது இங்கே வந்திருக்கும். இங்கே இருந்தது ஆற்றுக்குப் போயிருக்கும். கான் வெட்டினவனுக்கு அது தெரியாமல் இல்லை.

போன கிழமை கன்றுகள் வந்து இறங்கின. கறுப்புப் பைகளில் வரிசையாகப் பாதையோரம் வைத்திருக்கிறார்கள். அன்று பின்னேரம் மச்சினன் சரிவுக்கு வந்தான். அதற்கு முன் அவன் அங்கே கால் வைத்ததில்லை. வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தான். குச்சிகளைப் பார்த்தான்.

"இது என்னாங்க மச்சான், தோரணமா?"

"ஊக்குக் கெடச்ச எடம்."

அவனுக்கு மகள் சொல்லியிருக்கிறாள். சிரிக்கவில்லை.

"எத்தன?"

"பத்தொம்போது."

அவன் விரலை மடக்கினான். "நம்ம லயத்துல எத்தன பொம்பளைங்க இருந்தாங்க? கடைசித் தொங்கக் காம்பரா கெழவி, மாமியா மருமக மூணு பேரு, பெரிய காம்பரால அக்கா தங்கச்சிங்க..." பன்னிரண்டு காம்பராவையும் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு போனான். "இருவத்தியாறு. வீட்டுல ஆளுக்கு நாலு ஊக்கு கெடந்திச்சின்னு வச்சாலும்..."

மடக்கிய விரலை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டான்.

மெஷின் கத்தியது. தோண்டினேன். அவனும் எழும்பி வந்து குனிந்து பார்த்தான். கூரை ஆணி. நான் அதை எறியப் போனேன். அவன் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மேலே இருட்டிக்கொண்டு வந்தது.

"மழ வருது. எழும்புங்க மச்சான். மாட்ட அவுக்கணும்."

நான் மம்பட்டியை எடுத்தேன். மெஷினை அவன் தூக்கி வந்தான். நிறுத்தத் தெரியாது அவனுக்கு. பாதை முழுக்கக் கத்திக்கொண்டே வந்தது.